பாத்திரமேற்பு விளையாட்டுகளிற் கூற்றும் குணமும்

நாடகப் பாத்திரம் ஒன்றன் குணம் அதன் பேச்சினின்றும் பிறக்கின்றதா, அன்றிப் பேச்சுக் குணத்தினின்றும் பிறக்கின்றதா என்னும் வினா நாடக நூலார்க்குப் புதியதன்று. நாடகத்தைப் பொறுத்தவரை இதற்கு விடை கூறுதலும் அரிதன்று. பாத்திரத்தைப் படைத்தவனும் அதன் பேச்சை எழுதியவனும் ஒருவனே ஆதலின், இரண்டும் அவன் உள்ளத்தில் ஒருங்கே தோன்றின எனக் கூறி அமையலாம். ஆயின், கணினித் திரையில் ஆடப்பெறும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் நிலைமை வேறு. ஆங்குப் பேச்சுகளை எழுதி வைப்போன் ஒருவன். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, ‘இதுவே யான் மேற்கொண்ட பாத்திரத்தின் கூற்று’ என ஏற்போன் மற்றொருவன். எழுதியவன் ஆடுவோனை அறியான். ஆடுவோன் எழுதியவனைக் காணான். இருவர்க்கும் இடையே நிற்கும் பாத்திரத்திற்குக் குணத்தை வகுப்பவர் யாவர் என்னும் வினா ஈண்டுப் புதிய வலிமையுடன் எழுகின்றது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இவ்விளையாட்டுகளை அமைத்தோர் இவ்வினாவிற்கு நேர்ந்த விடைகளை வரலாற்று முறையில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, மக்கள் வீடியோ கேம் எனப் பொதுப்பட வழங்குவனவற்றுள் ஒரு வகை. ஆடுவோன் தான் மேற்கொள்ளும் பாத்திரத்தின் பெயர், தொழில், வலிமை, அறிவு முதலியவற்றைப் பெரும்பாலும் தானே வகுத்துக்கொண்டு, கதைக்குள் புகுந்து, எதிர்ப்படும் மாந்தரோடு உரையாடியும் போரிட்டும் செல்வது இதன் இயல்பு. ஆடுவோன் பேச வேண்டிய இடம் வருங்கால் திரையில் மூன்று, நான்கு, சில வேளைகளிற் பத்து விடைகள் தோன்றும். அவற்றுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். இவ்விடைகளைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமைந்திலது. தொல்காப்பியர் அகப்பாட்டிற் பேசுதற்கு உரிமையுடையார் இன்னார் என வரையறுக்குமிடத்து ஆளும் ‘கூற்று’ என்னும் சொல்லை யான் கடன் கொள்கின்றேன். செய்யுளியல் களவின்கட் கூற்று நிகழ்த்துதற்கு உரியார் அறுவர் எனக் கூறிக் கற்பின்கண் மேலும் அறுவரைச் சேர்க்கின்றது. பேசுவோர் யாவர், எவ்விடத்துப் பேசுவர் என்பதை முன்னரே வகுத்துவிட்டு, அவ்வரம்பிற்குள் புலவனை உரிமையோடு பாடவிடும் முறை அது. இதற்குமேல் ஒப்புமை கூற யான் விழையேன். அமெரிக்க நாட்டிலும் சப்பானிலும் தோன்றிய ஒரு கலைக்கு நம் இலக்கணத்திற் கருவைத் தேடுதல் ஆராய்ச்சியாகாது. கலைச்சொல் மட்டும் நமக்குப் பயன்படும்.

மேசையும் கவறும்

இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் தாய், கணினியில் அன்று, மேசைமேற் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரி என்னும் ஊரினின்று வெளிவந்தது. நண்பர் சிலர் கூடியிருந்து, ஒருவர் நடுவராய் நின்று கதையை நடத்த, ஏனையோர் தத்தம் பாத்திரமாகப் பேசியாடுவது அதன் முறை. ஆடுவோன் வாயாற் பேசுதலின், அவன் கூற்றிற்கு வரம்பு ஏதுமில்லை. எனினும் அந்நூல் குணத்திற்கு வரம்பு வகுத்தது. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்று சார்புகளுள் ஒன்றை ஒவ்வொரு பாத்திரமும் ஏற்றல் வேண்டும். 1978-இல் வந்த விரிநூல், நன்மை தீமை என்னும் மற்றோர் அளவையும் கூட்டி இதனை ஒன்பது சார்புகளாகப் பெருக்கிற்று.

மொழியாராய்ச்சியாளர் கருதத்தக்க செய்தி ஒன்று இதன்கண் உளது. அம்முதல் நூலின்படி ஒவ்வொரு சார்பினர்க்கும் தனித்தனி மொழி உண்டு. ஒழுங்கு சார்ந்தோர் ஒழுங்கின் மொழியையும், குழப்பம் சார்ந்தோர் குழப்பத்தின் மொழியையும் பேசுவர். பின்வந்த விதிநூல்கள், சார்பு மாறிய பாத்திரம் தன் பழைய மொழியைப் பேசும் ஆற்றலை இழக்கும் என்றும் விதித்தன. இது நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். ஆடினோர் பலரும் அவ்வாறே கருதினர். பிற்காலப் பதிப்புகளில் இவ்விதி கைவிடப்பட்டது. ஆயினும், குணம் மாறின் பேச்சும் மாறும் என்னும் கருத்தை இதனினும் வெளிப்படையாக உரைத்த விதியைப் பிற்கால விளையாட்டுகளில் யான் கண்டிலேன். பின்னர் வந்த நுட்பங்கள் பலவும் இப்பரும்படியான விதியைத் திருத்திச் செம்மை செய்தனவே எனலாம்.

அந்நூலில் மற்றொரு விதியும் கருதத்தக்கது. எதிர்ப்பட்ட உயிர் பகை கொள்ளுமா, நட்புக் கொள்ளுமா என்பதை இரண்டு ஆறுமுகக் கவறுகளை உருட்டி அறிதல் வேண்டும். பேசுவோன் எத்துணை நயமாகப் பேசினும், கேட்போன் உள்ளம் ஓரளவு ஊழின் கையில் என்பது இதன் பொருள். அவ்விரண்டு கவறுகளையும் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

சொல்லால் வினவும் காலம்

கணினிக்கு இவ்விளையாட்டு இடம்பெயர்ந்தபோது முதற்கண் இழக்கப்பட்டது பேச்சே. 1981-இல் வந்த ‘விசார்ட்ரி’யில் நல்லோர், நடுநிலையர், தீயோர் என்னும் சார்புகள் இருந்தன; நல்லோரும் தீயோரும் ஒரு குழுவிற் சேர்தற்குத் தடையும் இருந்தது; ஆனால் அவர்கள் பேசுவதில்லை. குணம் உண்டு, கூற்று இல்லை என்னும் நிலை அது. நினைவகம் குறைந்த அக்காலக் கணினிகளில் நீண்ட உரையாடலுக்கு இடமில்லை என்பது ஒரு காரணம். நடுவரின் இடத்தில் எந்திரம் அமர்ந்தமையின், கேட்டறிந்து விடை கூற வல்லார் இல்லாது போயினர் என்பது மற்றொன்று.

எந்திரத்தைக் கேட்கச் செய்யும் முயற்சி இதற்கு முன்பே நடந்திருந்தது. ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட ‘எலைசா’ என்னும் நிரல், எதிரிருப்போர் தட்டச்சிடும் தொடரில் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, அதற்கேற்ற விடையைத் திருப்பித் தந்தது. சொல்லைப் பற்றிக்கொள்ளும் இம்முறையை ஒத்ததொன்றைப் பாத்திரமேற்பு விளையாட்டில் ஒரு பெருங்கதை முழுமைக்கும் ஆண்டவர் ரிச்சர்டு கேரியட். அவர் இயற்றி 1985-இல் வெளிவந்த ‘உல்ட்டிமா’ நான்காம் பகுதியில், ஆடுவோன் ஊர்மாந்தரிடம் பெயர், தொழில், உடல்நலம் முதலிய சொற்களைத் தட்டச்சிட்டு வினவுவான். எந்திரம் ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துகளையே நோக்கும். ஒரு மாந்தர் கூறும் விடையில் புதுச்சொல் ஒன்று கிடைக்கும். அதனை எடுத்துச் சென்று வேறொரு மாந்தரிடம் வினவ, மறைபொருள் வெளிப்படும். இம்முறையில் ஆடுவோன் கூற்று ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிற்று. பணிவும் இல்லை, சினமும் இல்லை, தொனியே இல்லை.

இவ்வாறு பேச்சில் தொனி இல்லாத விளையாட்டிலேயே குணத்தைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை தோன்றியது என்பது வியப்பிற்குரியது. தொடக்கத்தில் ஆடுவோன் நாடோடிக் குறிசொல்லும் மகள் ஒருத்தியின் வண்டிக்குள் புகுகின்றான். வாய்மை, இரக்கம், வீரம், நீதி, ஈகம், மானம், ஆன்மநாட்டம், பணிவு என்னும் எட்டு அறங்களுள் இரண்டு ஒன்றோடொன்று மோதும் நிலைகளை அவள் எடுத்துரைத்து, எதனைக் கொள்வாய் என வினவுகின்றாள். வினாக்கள் ஏழு. எட்டு அறங்கள் நான்கு இணைகளாக மோதி, வென்ற நான்கு இரண்டு இணைகளாகவும், வென்ற இரண்டு இறுதியாகவும் மோதுமாயின் நான்கும் இரண்டும் ஒன்றும் கூடி ஏழாதல் காண்க. எஞ்சிநிற்கும் அறமே பாத்திரத்தின் தொழிலை முடிவு செய்யும். வாய்மையை இறுதியிற் கொண்டோன் மந்திரவாதி. வீரத்தைக் கொண்டோன் போர்வீரன். பணிவைக் கொண்டோன் ஆயன். ஆயனே போரில் எல்லாரினும் மெலியவன். பணிவைத் தேர்ந்தோனுக்கு விளையாட்டுக் கடினமாகும் என்று பொருள். அறத்தைத் தேர்தலுக்கு விலை உண்டு என்பதைப் புகழ்மொழியால் அன்றி விதியாலேயே உணர்த்திய இவ்வமைப்பு, அறநூல் கற்பாரும் நின்று நோக்கத்தக்கது.

மேலும், இவ்விளையாட்டில் வெல்லுதற்குரிய கொடும்பகைவன் எவனும் இல்லை. எட்டு அறங்களிலும் நிறைவெய்தி அவதாரமாதலே இறுதிப் பயன். அவதாரம் என்னும் வடசொல்லையே ஆங்கில உருவில் ஆசிரியர் தலைப்பில் இட்டார். மருந்துப்பொருள் விற்கும் குருட்டு வணிகர்க்கு உரிய விலையினும் குறைத்துக் கொடுத்தால் அவர் அறியார். ஆனால் எந்திரம் அறிந்து வாய்மையைக் குறைக்கும். தற்பெருமை கூறின் பணிவு குறையும். இவ்வாறு செயலும் சொல்லும் நாள்தோறும் கணக்கிடப்பட்டுக் குணமாகத் திரண்டன. குணம் முன், கூற்றுப் பின் என்று தொடங்கிய மேசை விளையாட்டின் முறை இதன்கண் ஓரளவு தலைகீழாயிற்று.

சப்பானிய மௌனம்

அடுத்த ஆண்டு, 1986-இல், சப்பானில் யூஜி ஹோரி அமைத்த ‘டிராகன் குவெஸ்ட்’ வெளிவந்தது. இதன் தலைவன் வாய் திறவான். பிறர் வினவும் இடங்களில் ஆம் அல்லது இல்லை எனத் தேர்தலே அவன் கூற்று. மீட்கப்பட்ட அரசமகள் தன்னை உடன்கொண்டு செல்லுமாறு வேண்டுமிடத்து ‘இல்லை’ எனத் தேர்ந்தால், அவள் வருந்திக் கூறி மீண்டும் அதே வினாவைக் கேட்பாள். ‘ஆம்’ எனும்வரை விடாள். தேர்வு போலத் தோன்றித் தேர்வாகாத இவ்விடம் பின்னர் ஆடுவோரிடையே பழமொழிபோல் ஆயிற்று.

மௌனத் தலைவனுக்குக் காரணம் கூறுவோர் ஆடுவோன் அவனைத் தானாகவே எண்ணிக்கொள்ளுதற்கு என்பர். அது பொருந்தும். ஆயின் மொழியமைப்பும் துணைநின்றிருத்தல் கூடும் என்பது என் கருத்து. சப்பானிய மொழியில் ‘நான்’ என்னும் பொருளுடைய சொற்கள் பல; முரட்டு ஆடவன் ‘ஓரே’ என்பான்; மென்மையுடைய இளைஞன் ‘போகு’ என்பான்; கதைகளில் வரும் முதியவன் ‘வாஷி’ என்பான். தலைவன் ஒரு தொடர் பேசிய அளவில், அவன் அகவையும் இயல்பும் வெளிப்பட்டுவிடும். கதைகளிலும் படக்கதைகளிலும் பேச்சின் வடிவு கொண்டே பேசுவோன் வகையை அறியவைக்கும் இவ்வழக்கைச் சப்பானிய மொழியறிஞர் சதோஷி கின்சுயி, தம் 2003-ஆம் ஆண்டு நூலில் ‘பாத்திர மொழி’ எனப் பொருள்படும் சொல்லாற் பெயரிட்டு ஆராய்ந்தார். இத்தகைய மொழியில், யார் வேண்டுமாயினும் தன்னை ஏற்றிக்கொள்ளத்தக்க தலைவனைப் பேசவைத்தல் எளிதன்று.

இத்தொடரின் மூன்றாம் பகுதி முதலில் 1988-இல் வந்தது. அதனை 1996-இல் புதுக்கி வெளியிட்டபோது, தொடக்கத்தில் வினாக்கள் கேட்டுத் தலைவன் குணத்தை முடிவுசெய்யும் முறை சேர்க்கப்பட்டது. ஆனால் அக்குணம் அவன் பேச்சை மாற்றாது, அவன்தான் பேசுவதில்லையே! வலிமையும் விரைவும் எவ்வளவு வளரும் என்பதையே அது ஆளும். சில நூல்களைப் பெற்றுப் படிப்பின் பாத்திரத்தின் குணம் மாறிவிடும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. நூல் கற்பதால் மனிதன் மாறுவான் என்பதில் நம்பிக்கையுடைய நம்மனோர்க்கு இது மகிழ்ச்சி தரும் விதிதான்.

தொனியும் அறிவும்

பேச்சின் நடையையே ஆடுவோன் தேர்தற்குரிய பொருளாக்கிய விளையாட்டுகளுள் 1996-இல் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘டாகர்ஃபால்’ குறிக்கத்தக்கது. அதில் எவரிடமேனும் வழியோ செய்தியோ வினவுமுன், பணிவாக, இயல்பாக, முரட்டுத்தனமாக என்னும் மூன்று நடைகளுள் ஒன்றைத் தேரலாம். மேன்மக்களிடம் நல்லொழுக்கப் பேச்சுத் திறனும், எளிய மக்களிடம் தெருவறிவும் பயன்தரும். பணிவே எங்கும் சிறந்தது என ஆசிரியர் கொள்ளாமை நோக்கத்தக்கது. தெருவில் நிற்பவனிடம் அரண்மனைப் பேச்சுப் பேசின் அவன் முகம் சுளிப்பான்.

ஆங்கிலத்தில் இம்மூன்று நடைகளுக்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்பவற்றால் நடை முதற்சொல்லிலேயே புலப்பட்டுவிடும். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் இலக்கணநெறி அன்றாயினும் வழக்கில் உயர்வு குறித்து வரும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் கூறுதலை ஈண்டு நினைவுகூர்க. ஆங்கில விளையாட்டொன்றைத் தமிழாக்குவோன், எழுதியவன் தேராது விட்ட தொனியைத் தான் தேர்ந்தே ஆகவேண்டும். பாத்திரத்தின் குணத்தை ஆடுவோன் முடிவுசெய்யுமுன் மொழிபெயர்ப்பாளன் முடிவுசெய்தவனாவான். இவ்விடர்ப்பாடு சப்பானியத்தினின்று ஆங்கிலத்திற்குப் பெயர்த்தோர்க்கு மறுதலையாய் நேர்ந்தது. மூலத்திலிருந்த வேறுபாடுகளை இடுதற்கு அவர்க்குச் சொல் கிட்டவில்லை. ‘டிராகன் குவெஸ்ட்’ முதற்பகுதி 1989-இல் வட அமெரிக்காவில் வெளிவந்தபோது எல்லாரும் பழைய ஆங்கில நடையிற் பேசலாயினர்.

டாகர்ஃபாலில் நடை வேறுபட்டதேயன்றிச் சொற்றொடர் பெரிதும் வேறுபடவில்லை. சொற்றொடரையே குணத்திற்கேற்ப வேறாக எழுதியது 1997-இல் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட ‘ஃபால்அவுட்’. அணுப்போருக்குப் பிற்பட்ட பாழ்நிலத்தில் நிகழும் இக்கதையில், ஒன்று முதல் பத்து வரையிலான எண்களால் பாத்திரத்தின் ஏழு திறன்களை ஆடுவோன் வகுப்பான். அறிவிற்கு மிகக் குறைந்த எண்ணை இட்டால், பாத்திரம் தொடர் அமைத்துப் பேச இயலாது உறுமவும் திக்கவும் தொடங்கும். எதிரிருப்போரும் அதற்கேற்பவே விடையிறுப்பர்; சிலர் இரங்குவர், சிலர் துரத்துவர். அறிவும் சொல்வன்மையும் மிகுந்த பாத்திரமோ, இறுதிப் பகைவனாகிய ‘தலைவர்’ என்பானைப் போரின்றியே வெல்லலாம்: அவன் படைக்கும் புதிய இனம் மகப்பேறு அற்றது என்பதைச் சான்று காட்டி மெய்ப்பித்தால், தன் முயற்சி வீண் என உணர்ந்து அவன் தன்னையே அழித்துக்கொள்வான். சொல்லால் ஒரு கதை முடிவுறுதல் அரிய நிகழ்ச்சி. அதுவும் வெறும் நயப்பேச்சால் அன்றிச் சான்றினால் முடிவுறுதல் அதனினும் அரிது.

1998-இல் வந்த இரண்டாம் பகுதியில் ஒரு நுட்பம் உளது. டோர் என்னும் அறிவு குறைந்த இளைஞன் ஒருவன் அதில் வருவான். இயல்பான அறிவுடைய தலைவனோடு பேசுங்கால் அவன் சொற்கள் குழறும். தலைவனும் அறிவு குறைந்தவனாயின், இருவரும் நாகரிகம் மிக்க செந்நடையில் உரையாடுவர்! எழுதினோர் நகைச்சுவைக்காகவே இதனைச் செய்தனர் எனத் தள்ளிவிடலாகாது. குழறல் என்பது பேசுவோன் உள்ளத்தில் இல்லை, கேட்போன் செவியில் உள்ளது என்னும் கருத்து அந்நகையின் அடியில் கிடக்கின்றது. திறன் குறைந்தோரை எள்ளுதலே இக்குறை பேச்சுமுறையின் பயன் எனக் குறைகூறுவோர் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும் டோரின் உரையாடல் அவ்வெள்ளலை எள்ளுவோர் மேலேயே திருப்பிவிடுகின்றது என யான் கருதுகின்றேன்.

1999-இல் கிறிஸ் அவெலோன் தலைமையில் பிளாக் ஐல் குழுவினர் அமைத்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ இவ்வரலாற்றின் கொடுமுடி எனத் தகும். அதன் எழுத்து ஏறத்தாழ 8,00,000 சொற்கள் என்பர். தலைவன் தன் பெயரையும் மறந்த, சாவற்ற ஒருவன். ஆடுவோன் அவனுக்குத் தொடக்கத்திற் சார்பு எதனையும் தேர்தல் இயலாது. முழு நடுநிலையில் நிற்பவன், பேசப் பேச ஒருபாற் சாய்வான். இங்கே முன்னெவரும் செய்யாத அளவிற்கு ஒரு முறை பயன்படுத்தப்பட்டது. விடைப்பட்டியலில் ஒரே தொடர் இருமுறை தோன்றும். ஒன்றன்முன் மெய் எனவும், மற்றொன்றன்முன் பொய் எனவும் குறிக்கப்பட்டிருக்கும். கேட்போன் செவிக்கு இரண்டும் ஒன்றே. பேசுவோன் உள்ளத்தில் அவை வேறு, குணக்கணக்கிலும் வேறு. சொல்லும் கருத்தும் பிரிந்து நிற்கும் இடத்தை நாடகாசிரியன் ‘தனக்குள்’ என அடைப்புக்குறியில் எழுதிக் காட்டுவான். இங்கு ஆடுவோன் அதனைத் தன் கையாலேயே தேர்கின்றான். அன்றியும், தலைவன் தன்னைப் பிறர் வினவும்போதெல்லாம் அடான் என்னும் பொய்ப்பெயரையே கூறிவரின், அடான் என்னும் மனிதன் ஒருவன் மெய்யாகவே தோன்றிவிடுவான். நம்பிக்கை பொருளாகும் உலகில் நிகழும் கதை ஆதலின் இது பொருந்துகின்றது.

2004-இல் வந்த ‘பிளட்லைன்ஸ்’ என்னும் இரத்தக்காட்டேரிக் கதையில், மால்கேவியன் என்னும் பித்தர் குலத்தைத் தேர்ந்தார்க்கு ஆட்டம் முழுமைக்கும் தனி விடைகள் எழுதப்பட்டன என்பதையும் குறித்து மேற்செல்வேன்.

குரல் வந்த பின்

இதுகாறும் தலைவன் கூற்று எழுத்தாகவே இருந்தது. கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட்’ தலைவனுக்கு முழுமையாகக் குரல் தந்தது. நடிகர் பேசப்போகும் தொடரை முன்னரே திரையிற் படித்துவிட்டால் கேட்பதில் சுவையிராது எனக் கருதி, தொடருக்கு மாற்றாக அதன் சுருக்கம் ஒன்றைச் சக்கர வடிவில் அமைத்தனர். சக்கரத்தின் மேற்புறம் பெருந்தன்மை, கீழ்ப்புறம் கடுமை. இடம் கொண்டே குணம் அறியலாம்; சொல்லைப் படிக்க வேண்டுவதில்லை. ஆடுவோன் சொல்லைத் தேர்தல் போய்த் திசையைத் தேரலானான்.

இம்மாற்றத்தை முன்னேற்றம் எனப் போற்றுவோர் பலர். உரையாடல் தடையின்றி ஓடிற்று என்பதும், ஜெனிஃபர் ஹேல் போன்ற நடிகர் திறத்தால் பாத்திரம் உயிர்பெற்றது என்பதும் உண்மையே. ஆயினும் இழப்பும் பெரிது. ஒவ்வொரு விடையும் ஆண்குரலிலும் பெண்குரலிலும் பதிவுசெய்யப்பட வேண்டியிருந்தமையின் செலவு பெருகி, விடைகளின் தொகை குறைந்தது. சுருக்கத்தைப் படித்து ஒன்று எண்ணித் தேர, தலைவன் வேறொன்று பேசக் கேட்டு ஆடுவோர் திகைத்தனர். 2010-இல் வந்த இரண்டாம் பகுதியிலோ, சிறந்த விடைகள் சில பெருந்தன்மையோ கடுமையோ போதிய அளவு திரண்டவர்க்கே திறந்தன. ஆதலின் ஆடுவோர் இடம்நோக்கி ஆராய்தலை விடுத்து, தொடக்கத்தில் மேற்கொண்ட பக்கத்தையே இறுதிகாறும் தேர்வாராயினர். சிந்தித்துத் தேர்தற்கென அமைந்த முறை சிந்தியாமையைப் பழக்கிற்று.

இக்குறையை உணர்ந்தோர் அந்நிறுவனத்துள்ளேயே இருந்தனர் என்பதற்கு 2011-இன் ‘டிராகன் ஏஜ்’ இரண்டாம் பகுதி சான்று. அதில் நன்மை தீமை என்னும் அளவு நீக்கப்பட்டது. இணக்கம், நகை, கடுமை என்னும் மூன்று தொனிகள் சிறு குறிகளால் காட்டப்பட்டன. ஆடுவோன் எத்தொனியை மிகுதியும் தேர்கின்றான் என எந்திரம் எண்ணிவரும். தேர்வு கேளாத இடங்களில் தலைவன் தானே பேசுங்கால் அம்மிகுந்த தொனியிலேயே பேசுவான். பழக்கமே குணமாகும் என்னும் பழைய கருத்து இவ்வாறு எண்ணிக்கையாக வடிவுற்றது. நகைத்தொனியை நாடிய ஆடுவோன், துயரமிக்க இடத்தும் தன் பாத்திரம் தானாகவே நகையாடக் கேட்டு நாணுதல் உண்டு. அந்நாணம் இவ்வமைப்பின் வெற்றியே. முந்திய ஆண்டில் அப்சிடியன் நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஆல்ஃபா புரோட்டோகால்’ என்னும் ஒற்றர் கதையிலும் மூன்று தொனிகள் உண்டு. விடை தேர்தற்குக் காலவரையறையும் உண்டு. ஆனால் அங்கே தொனி, எதிரிருப்போனை வயப்படுத்தும் கருவி. இங்கே அது பேசுவோனையே உருவாக்குவது.

2015-இல் பெதெஸ்டாவின் ‘ஃபால்அவுட்’ நான்காம் பகுதி குரலையும் சுருக்கத்தையும் மேற்கொண்டு, எவ்விடத்தும் நான்கு விடைகளே என வரையறுத்தது. அறிவு குறைந்தோன் உறுமலும் அறிவுமிக்கோன் சான்றும் இருந்த தொடரில், உடன்பாடு, மறுப்பு, கேலி, வினா என்பவற்றின் சுழற்சியே எஞ்சிற்று. முழுத்தொடரையும் திரையிற் காட்டும் திருத்தநிரலை ஆடுவோரே விரைவில் இயற்றிப் பரப்பினர். தாம் பேசப்போவது யாது என முன்னரே அறியும் உரிமையை அவர்கள் மீட்டுக்கொண்டனர் என்றே இதனைக் கொள்ளல் வேண்டும். அந்நிறுவனமே 2023-இல் வெளியிட்ட ‘ஸ்டார்ஃபீல்டு’ கதையில் தலைவன் குரலை நீக்கி முழுத்தொடர்களுக்கு மீண்டது. அதே ஆண்டில் பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனத்தாரின் ‘பால்டர்ஸ் கேட்’ மூன்றாம் பகுதியும், எதிரிருப்போர் அனைவர்க்கும் குரல் தந்து, ஆடுவோன் கூற்றை எழுத்தாகவே விட்டது. தொழிலுக்கும் குலத்திற்கும் ஏற்ற தனி விடைகளை மிகுதியாகச் சேர்த்தது.

பேசும் குணங்கள்

இவ்விரு நெறிகளையும் கடந்து நிற்பது, எஸ்தோனியரான ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் அமைந்து 2019-இல் வெளிவந்த ‘டிஸ்கோ எலிசியம்’. குடித்து நினைவிழந்த காவலன் ஒருவன் கொலைவழக்கொன்றை ஆராய்தல் கதை. இதுவரை கண்ட விளையாட்டுகளில் குணம் எண்ணாக இருந்தது, பேசியது பாத்திரம். இதில் குணங்களே பேசுகின்றன. அறிவு, உள்ளம், உடல், கைத்திறம் என்னும் நான்கன்கீழ் ஆறு ஆறாக 24 திறன்கள் உள்ளன. ஏரணம் ஒன்று கூற, இரக்கம் மறுக்கும், அதிகாரம் அதட்டும், நாடகத்திறம் எதிரிருப்போன் பொய் கூறுகின்றான் எனக் காதிலோதும். எத்திறனுக்கு மிகுந்த எண்ணை ஆடுவோன் இட்டானோ அத்திறன் மிகுதியும் பேசும். மிகுந்து பேசுவது எப்போதும் மெய் பேசுவதன்று. குணம் மிகுதல் நன்மை என்னும் பழைய கணக்கு இதனால் உடைந்தது. நெஞ்சொடு கிளத்தல் நம் இலக்கியத்திற் பயின்ற துறை. ஆயின் அங்கு நெஞ்சு பெரும்பாலும் கேட்கும், பேசாது.

காவலன் எந்நடையிற் பேசி வருகின்றான் என்பதையும் இவ்விளையாட்டு எண்ணுகின்றது. ஓயாது மன்னிப்புக் கேட்போன், தன்னை மாபெரும் நடிகனாக எண்ணுவோன், உலக அழிவைக் கூறித்திரிவோன் என வகைகள் உண்டு. போதிய அளவு எண்ணியபின், ‘நீ இன்ன வகையினன் அன்றோ’ என உள்ளம் வினவும். ஆம் என்றோ அன்று என்றோ ஆடுவோன் கூறலாம். எந்திரம் தீர்ப்புக் கூறாது வினவுதல் இதன் சிறப்பு. 1974-இன் நூல் சார்பைத் தொடக்கத்தில் விதித்தது; 2011-இன் விளையாட்டு அதனை மறைவில் எண்ணி முடித்தது; இதுவோ எண்ணியதை ஆடுவோன்முன் வைத்து ஒப்புதல் வேண்டுகின்றது. அரிய செயல்களின் வெற்றியை முடிவுசெய்ய உருட்டப்படுவன இரண்டு ஆறுமுகக் கவறுகள். இரண்டிலும் ஆறு விழின் வெற்றி உறுதி, இரண்டிலும் ஒன்று விழின் தோல்வி உறுதி. 2021-இல் வந்த திருந்திய பதிப்பில் எதிரிருப்போர்க்கும் திறன்களுக்கும் முழுக்குரல் சேர்க்கப்பட்டபோதும், தலைவன் சொல்லும் விடைகள் எழுத்தாகவே விடப்பட்டன.

இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கு ஓர் இடர்ப்பாடு எஞ்சுகின்றது. இவ்விளையாட்டுகளில் நூல் என்பது யாது? ஒருவன் ஒருமுறை ஆடுங்கால் எழுதப்பட்டதில் ஒரு பகுதியே அவன் கண்ணிற் படும். தேராத விடைகளும் அவற்றின் மறுமொழிகளும் அவனைப் பொறுத்தவரை எழுதப்படாதனவே. கோப்புகளினின்று எல்லாத் தொடர்களையும் பிரித்தெடுத்துத் தொகுத்து வைத்தோர் உளர். அத்தொகுப்பு எவரும் ஆடாத ஓர் ஆட்டம். ‘டார்மென்ட்’ கதையைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் ஒருவர் தம் ஆட்டத்திற் பொய்ப்பெயர் கூறாதவராயின் அடானைக் காணார். தொகுப்பிலோ அவன் கூற்றும் இருக்கின்றது. அவனை அக்கதையின் மாந்தருள் ஒருவனாக எண்ணுவதா, விடுவதா என்பதனைப் பாடபேத ஆராய்ச்சியில் தேர்ந்தார் முதற்கண் முடிவுசெய்தல் வேண்டும்.